பழைய லாரியின் வயதை எது சொல்லும்: நம்பர் பிளேட்டா, முகமா, சேஸ் நம்பரா?

எங்கள் வீட்டில் லாரிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். "முப்பத்தொண்ணு இருபது வந்துருச்சா?" என்று அப்பா கேட்டால், விஜயவாடாவுக்கு லோடு ஏற்றிப் போன பழைய பென்ஸ் திரும்பிவிட்டதா என்று அர்த்தம். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இருந்த குடும்பங்களில் இது சகஜம். வண்டி காயலான் கடைக்குப் போய் முப்பது வருடம் ஆகியிருக்கும், எண் மட்டும் வாயில் நிற்கும்.

அதனால்தானோ என்னவோ, பழைய லாரி எதைப் பார்த்தாலும் நம் ஆட்களின் கண் முதலில் நம்பர் பிளேட்டுக்குத்தான் போகிறது. என்னிடம் வந்து கேட்பவர்கள் இரண்டு வகை. தாத்தாவோ அப்பாவோ லாரி முன்னால் நின்று எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு, "இது என்ன வண்டி, எந்த வருஷம்?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. ஏதோ ஒரு ஷெட்டில் பழைய லாரியைப் பார்த்துவிட்டு, வாங்கிப் பழைய கோலத்துக்குக் கொண்டுவரலாமா என்று யோசிப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒருவர் கட்டாயம் ஏமாறுவார்.

முதலில் நம்பர் பிளேட்டையே எடுத்துக்கொள்வோம். 1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இரண்டெழுத்துக் குறியீடுகள் கொடுத்தார்கள். மெட்ராஸுக்கு எம்.டி., எம்.எஸ். அதன் பின்னால் இன்னொரு எழுத்து, அப்புறம் அதிகபட்சம் நான்கு இலக்கம். 1969 ஜனவரி 14ஆம் தேதி மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆன பிறகு டி.என்., டி.எம். என்று 'டி'யில் தொடங்கும் வரிசைகள் வந்தன. எம்.ஜி.ஆர். பயன்படுத்திய அம்பாசடரின் டி.எம்.எக்ஸ். 4777 நம் எல்லோருக்கும் தெரிந்த எண். அது இந்தக் காலத்து எண்தான். 1988ஆம் வருடச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததும் இப்போதைய முறை வந்தது: மாநிலத்துக்கு இரண்டெழுத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம். டி.என். 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி.

ஆக, பலகையைப் பார்த்த மாத்திரத்தில் மூன்று அடுக்கு பிரிந்துவிடும். எம்.டி., எம்.எஸ். என்றால் பெயர் மாற்றக் காலத்துக்கு முந்தியது. 'டி'யில் தொடங்கும் மூன்றெழுத்து என்றால் எழுபதுகளும் எண்பதுகளும். நடுவில் இலக்கம் வந்தால் 1989க்குப் பிந்தியது. ஐந்து விநாடியில், காசு செலவில்லாமல், தூரத்தில் நின்றே இவ்வளவும் கிடைக்கும். வேறு எந்த முறையிலும் இந்த வேகம் கிடையாது.

பக்கத்து மாநில வண்டிகளுக்கும் இது உதவும். கே.எல்.டி., கே.எல்.ஆர். என்று பார்த்தால் கேரள வண்டி. கர்நாடகத்துக்கு, அது மைசூர் மாநிலமாக இருந்தபோது எம்.ஒய்., பிறகு சி.ஏ. மைசூர் 1973 நவம்பரில்தான் கர்நாடகம் ஆனது. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எம்.டி. என்று எழுதியிருப்பதாலேயே அது நம் ஊர் வண்டி ஆகிவிடாது. 1953 அக்டோபரில் ஆந்திரா பிரியும் வரை நெல்லூரும் சித்தூரும் கர்நூலும் மெட்ராஸ் மாகாணம்தான். 1956 நவம்பர் வரை மலபாரும் தென் கன்னடமும் நம்மோடுதான் இருந்தன. கோழிக்கோட்டில் மரம் ஏற்றிய லாரியும் மெட்ராஸ் எண்ணோடுதான் ஓடியது.

பலகையின் நிறமும் ஒரு தகவல். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்பது வாடகை வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பழக்கம். அதற்கு முன்னால் சொந்த வண்டிக்குக் கறுப்பில் வெள்ளை, லாரிக்கு வெள்ளையில் கறுப்பு. கறுப்பு வெள்ளைப் போட்டோவில்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகு, பிளேட்டில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். அது வண்டி பிறந்த தேதியைச் சொல்வதில்லை, ஆர்.டி.ஓ. பேரேட்டில் ஏறிய காலத்தைச் சொல்கிறது. பெரும்பாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஆனால் எப்போதும் அல்ல. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓடினால் அங்கே புது எண் வாங்க வேண்டும். திருச்சூரில் 1978இல் பதிந்த லாரியைத் தொண்ணூறுகளில் ஒருவர் இங்கே வாங்கி வந்தால் அது டி.என். 30 என்றோ 34 என்றோ நிற்கும். பலகையை மட்டும் பார்ப்பவர் அதைப் பதினைந்து வருடம் இளைய வண்டி என்று நினைத்துக் கடந்து போய்விடுவார். நல்ல வண்டிகள் கைநழுவிப் போவது இப்படித்தான்.

இரண்டாவது, பலகை என்பது பெயிண்ட். ஒவ்வொரு எஃப்.சி.க்கும், அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ் வாங்கும்போதும், லாரியை முழுக்கப் பெயிண்ட் அடித்து, எண்ணையும் புதிதாக எழுதித்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவார்கள். முன்னால், பின்னால், கேபின் பக்கவாட்டில் என எல்லா இடத்திலும் எழுத்துக்காரர் கைதான். எழுத்தின் பழமையைப் பார்த்து வண்டியின் பழமையைச் சொல்ல முடியாது. ஆனால் இதே பழக்கம் நமக்கு ஒரு நன்மையும் செய்திருக்கிறது. பின்கதவுப் பலகையில் பெயிண்ட் உரிந்த இடத்தைச் சாயங்கால வெயிலில் சாய்வாகப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பெயிண்ட் இருக்கும், அடியில் பழைய எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். டி.என். எண்ணுக்குக் கீழே கே.எல். என்று படித்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஒரு நொடிக்காகவே நான் பழைய வண்டி பார்க்கப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிளேட்டே வருடத்தைச் சொல்லிவிடும் வண்டியும் ஒன்று உண்டு. ராணுவ வண்டி. மேல்நோக்கிய அம்புக்குறி, அதையொட்டி இரண்டு இலக்கம். அந்த இலக்கம் படை அந்த வண்டியை வாங்கிய வருடம். 74 என்று இருந்தால் 1974. ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரிகள், எம்.ஏ.என். என்ற ஜெர்மன் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் வந்தவை, இந்த எண்ணோடுதான் ஓடின. ஆனால் ஏலத்தில் வெளியே வந்ததும் அம்புக்குறி போய்விடும், ஏலம் எடுத்த வருடத்து சிவில் எண் வந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைகள் விட்டுச்சென்ற செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் லாரிகளுக்கும் இதே கதைதான். எண் ஐம்பதுகளைக் காட்டும், வண்டி போரைப் பார்த்திருக்கும்.

சரி, அடுத்தது முகம். முன்கிரில், பேனட், சின்னம். போட்டோவை வைத்திருப்பவருக்கு நான் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன், பிளேட்டை அல்ல. காரணம் எளிது: பிளேட் எந்தக் கம்பெனி வண்டி என்று ஒருபோதும் சொல்லாது, முகம் சொல்லிவிடும்.

பழைய டாடா லாரியின் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால், அது பென்ஸ் கம்பெனியோடு கூட்டு இருந்த காலத்தது: 1954இலிருந்து 1969 வரை. நம் பக்கம் இன்றும் பெரியவர்கள் எந்த டாடாவையும் 'பென்ஸ்' என்று சொல்வது அந்த நட்சத்திரத்தின் மிச்சம்தான். ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் இருந்த இடத்தில் வட்டத்துக்குள் 'டி' வந்தது. மாநிலத்தின் பெயர் மாறியதும் இந்தச் சின்னம் மாறியதும் ஒரே வருடத்தில் என்பது நமக்கு வசதியான பொருத்தம். எம்.எஸ். எண்ணும் நட்சத்திரமும் ஒன்றாகத் தெரிந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. 1210 போன்ற மாடல் எண் பக்கவாட்டில் இருந்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு இலக்கம் லோடோடு சேர்த்து மொத்த எடை எத்தனை டன் என்பது. பின் இரண்டைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய குதிரைத்திறன்.

'அசோக் லேலண்ட்' என்று முழுப் பெயரும் இருந்தால் 1955க்கு முன்னால் போகாது. எண்ணூரில் 1948இல் தொடங்கியபோது அது அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. லேலண்ட் பங்கு எடுத்த பிறகுதான் பெயர் மாறியது. பெட்ஃபோர்டு என்றால் இறக்குமதியாக வந்ததா, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கேயே செய்ததா என்று பார்க்க வேண்டும். 'ஹிந்துஸ்தான்' என்று எழுதியிருந்தால் பிரச்சினை முடிந்தது. டாட்ஜ், பார்கோ, டிசோட்டோ மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிரைஸ்லர் குடும்பத்தின் ஒரே லாரிதான் வேறு வேறு பெயரில் வந்தது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்தது.

முகத்தின் பலவீனம், அது கம்பெனியைச் சொல்லும், வருடத்தைச் சொல்லாது என்பது. வெளிநாட்டில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை முகத்தை மாற்றினார்கள். இங்கே போட்டி இல்லை, அரசு லைசென்ஸ் கொடுத்த கம்பெனிதான் வண்டி செய்யலாம் என்ற காலம். ஒரே பேனட்டும் கிரில்லும் பதினைந்து இருபது வருடம் ஓடின. பேனட்டுக்குப் பின்னால் இருப்பதை நம்பவே கூடாது. கம்பெனி பெரும்பாலும் வெறும் சேஸைத்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைத்தான், விற்றது. கேபினும் பாடியும் நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பட்டறையில் கட்டியது. அதைப் பார்த்து எந்த ஊர்ப் பட்டறை என்று அனுபவசாலி சொல்லிவிடுவார், எந்த வருடத்து வண்டி என்று அவராலும் சொல்ல முடியாது. ஒரு சேஸ் தன் ஆயுளில் மூன்று பாடிகூடப் பார்த்துவிடும்.

உதிரி பாகங்களை வைத்து வயது சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். டைனமோவில் லூகாஸ் டி.வி.எஸ். என்று இருந்தால் 1961க்கு முன்னால் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கம்பெனியே அந்த வருடம்தான் தொடங்கியது. உண்மைதான், ஆனால் அது டைனமோவின் வயது. என்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் என்ஜினோடு வந்த பழைய அமெரிக்க லாரிகளில் அதைக் கழற்றிவிட்டு, மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் பி6 டீசல் என்ஜினை ஏற்றியது ஊரறிந்த விஷயம். என்ஜின் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு வண்டிக்கு ஜாதகம் எழுத உட்காரக் கூடாது.

மிச்சம் இருப்பது, கம்பெனி சேஸ் இரும்பிலேயே பொறித்த சேஸ் நம்பரும், வண்டியின் பதிவுப் புத்தகமான ஆர்.சி. புக்கும். வாங்குகிறவருக்கு இதுதான் எல்லாம். ஏன் என்று சொல்ல ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன்.

சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஷெட். புளிய மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திய லாரி. டயர் நான்கும் காற்றில்லாமல் மண்ணில் அமிழ்ந்திருந்தன. தார்ப்பாயை விலக்கினால் எம்.எஸ். எண், ஆனால் மூக்கில் வட்டத்துக்குள் 'டி'. விற்கிற பெரியவர் உறுதியாகச் சொன்னார்: "அம்பத்தெட்டு மாடலுங்க தம்பி. நம்பரப் பாருங்க, எம்.எஸ்.சுங்க. இதுக்கு மேல என்னங்க அத்தாட்சி வேணும்?" அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் அப்படிச் சொல்லி விட்டுப் போயிருக்கிறார், இவர் அதை நம்பியிருக்கிறார்.

நம்பரும் மூக்கும் ஒத்துப்போகவில்லை. ஒன்று, பழைய வண்டிக்குப் பிற்காலத்து முகம் மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால், எழுபதுகளின் வண்டிக்குக் காயலான் கடைக்குப் போன வேறொரு வண்டியின் எண்ணைச் சூட்டியிருக்க வேண்டும். முதலாவது என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டாவது என்றால் வண்டியோடு சேர்த்துப் போலீஸ் கேஸையும் வாங்குகிறோம்.

முன் வலது சக்கரத்தை ஒட்டிய சேஸ் கட்டையில் விரல் கனத்துக்குக் கிரீஸும் மண்ணும் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் நனைத்த வேஸ்ட் துணியால் ஊறவைத்துத் துடைத்தேன். அப்புறம் கம்பி பிரஷ், மெதுவாக. அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு '3' மட்டும் கருமையாக எழுந்து வந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசினேன், ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுப்பார்களே அதே மாதிரி. தாளில் முழு எண்ணும் வரிசையாக விழுந்தது.

பென்சில் உரசலில் எண்ணைப் படிப்பது பாதி வேலைதான். இலக்கங்கள் ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கம்பெனி அச்சுக்கும் பட்டறையில் உளியை வைத்துத் தட்டியதற்கும் தாளிலேயே வித்தியாசம் தெரியும். எண் இருக்கும் இடத்தை அரைத்து அழித்திருந்தால் இரும்பு லேசாகக் குழிந்திருக்கும், விரலால் தடவினாலே புரியும். சேஸை வெட்டி நீளம் கூட்டியிருக்கிறார்களா, முன்பாதி ஒன்று பின்பாதி ஒன்றா என்பதை ரிவெட்டும் வெல்டிங்கும் சொல்லிவிடும். அந்த லாரியில் எல்லாம் சுத்தமாக இருந்தது.

ஆர்.சி. புக் டிரங்குப் பெட்டியில் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தது. ஓரம் செல்லரித்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. சேஸ் நம்பர் பென்சில் தாளோடு இலக்கத்துக்கு இலக்கம் பொருந்தியது. தயாரித்த வருடம் 1966. அம்பத்தெட்டும் இல்லை, எழுபதும் இல்லை. முன்முகம் ஒரு விபத்துக்குப் பிறகு மாற்றியது என்று அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து சொன்னார். பிளேட் உண்மை, முகம் பொய், பெரியவர் சொன்னதில் எட்டு வருடம் கூடுதல். 1966க்கு என்ன தரலாமோ அதைப் பேசி முடித்தேன்.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இந்த வண்டியிலேயே இருக்கிறது. பிளேட்டைப் பார்த்து, போய்ப் பார்க்கத் தகுந்த வண்டியா என்று முடிவு செய்யுங்கள். முகத்தைப் பார்த்து, அது பிளேட்டோடு சண்டை போடுகிறதா என்று கவனியுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முடிவைச் சேஸ் நம்பரும் ஆர்.சி.யும் பொருந்தும் வரை ஒத்திப்போடுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தால்கூட, "எழுதும்போது தப்பா விழுந்திருக்கும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை ஆர்.டி.ஓ.வில் திருத்தித் தர வேண்டியது விற்பவருடைய வேலை. ஆர்.சி.யே இல்லை, பிளேட் மட்டும்தான் இருக்கிறது என்றால், காட்சிக்கு நிறுத்திவைக்க வாங்கலாம், இரும்பு விலைக்கு. ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பிளேட்டுக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது, பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் ஆர்.டி.ஓ.வில் வரி பாக்கியைக் கேட்க முடியும். லாரிக்குக் காலாண்டு வரி. வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதாக முறைப்படி எழுதிக் கொடுக்காமல் ஷெட்டில் போட்டிருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போயிருக்கும். பழைய மூன்றெழுத்து எண்கள் பல ஆன்லைனில் கிடைப்பதில்லை, நேரில் போய்ப் பேரேட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"விண்டேஜ் நம்பர் வாங்கிடலாம்" என்று சொல்லி விலையை ஏற்றுபவர்களும் இப்போது உண்டு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த அந்த விதி, முதல் பதிவுத் தேதியிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், வி.ஏ. என்ற எழுத்தோடு எண். பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட சரக்கு லாரியை அதற்குள் கொண்டுவரலாம் என்று நம்பி ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

போட்டோ மட்டும் வைத்திருப்பவருக்கு வரிசை தலைகீழ். முகம் முதலில், நட்சத்திரமா, 'டி'யா, பெட்ஃபோர்டா என்று. அதற்கடுத்துதான் பிளேட். முழு எண் தெரியாவிட்டால் பரவாயில்லை, முதல் இரண்டு எழுத்தே போதும். அப்புறம் வீட்டில் யாருக்காவது அந்த எண் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஞாபகம் இருக்கும். பழைய டிரைவர் யாராவது உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு போட்டோ இருக்கிறது. ஆயுத பூஜை அன்று எடுத்தது. பம்பர் முழுக்கச் சாமந்தி மாலை, அதற்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மாலை எண்ணை மறைத்துவிட்டது, ஓரத்தில் 'எம்.எஸ்.' மட்டும் எட்டிப் பார்க்கிறது. மூக்கில் நட்சத்திரம் பளிச்சென்று இருக்கிறது. கேபின் படியில் ஒரு காலை வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி நிற்பது அப்பா. எண் தெரியாத அந்தப் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடிகூடப் போடாமல், "முப்பத்தொண்ணு இருபது" என்றார்.